அரை மூச்சு

கேடயத்தை எடுப்பது கஷ்டமான வேலை இல்லை. இடது கை விரலுக்குக் கீழே ஒரு பட்டன். அழுத்தினால் எழும். எப்போது அழுத்துவது என்பதுதான் விஷயம். பெரும்பாலானவர்கள் பயந்தவுடன் அழுத்திவிடுகிறார்கள்.

நீங்கள் இந்தக் கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டெல்லாம் ஆடியிருக்க மாட்டீர்கள். முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. குறையாகச் சொல்லவில்லை. நானும் வேலைக்குச் சேர்ந்து பல வருடம் ஆகும்வரை தொட்டதில்லை. ஆனால் கிடங்கில் அன்று என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால், முதலில் கேடயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு வழியில் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டிய பெரியவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறீர்கள். ஹாரன் அடித்தேன், பையன் நிமிர்ந்து பார்த்தான், ஒதுங்க நேரம் இருந்தது, நகராமல் நின்றான் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் நம்பவில்லை. சுமையோடு சரிவில் இறங்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்க மாட்டார்கள். ஆகவே அவர் ஹாரன் அடிக்கவில்லை என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அடிபட்ட என் தம்பியிடமும் கேட்டீர்கள். நான்தான் சீக்கிரம் நகர்ந்துவிட்டேன் என்றான். மருந்து மயக்கத்தில் பேசுகிறான், இல்லாவிட்டால் பெரியவர்மேல் இரக்கப்பட்டுப் பேசுகிறான் என்று நினைத்தீர்கள்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் எக்ஸ்ரே எடுப்பவள். மருத்துவமனையின் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு, மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க என்று நாள் முழுவதும் சொல்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் என் சொல்லுக்கு மூச்சை நிறுத்துகிறார்கள். நான் சொன்னால்தான் விடுகிறார்கள். பிடிங்க என்பதற்கும் விடுங்க என்பதற்கும் நடுவில் படம் எடுக்க வேண்டும். முந்தினாலும் கலங்கிவிடும், பிந்தினாலும் கலங்கிவிடும். நான் எடுத்த படங்களைத் திரும்ப எடுக்கச் சொன்னது அநேகமாக இல்லை.

வீட்டில் நானும் தம்பியும். அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடப் பையன். அப்பா இருக்கிறார், வேறு வீட்டில், வேறு குடும்பத்தோடு. அவரைப் பற்றி இங்கே எதுவும் தேவையில்லை.

தம்பி இந்த விளையாட்டை ஐந்து பேர் கொண்ட ஒரு டீமில் ஆடிக்கொண்டிருந்தான். நேரில் பார்த்துக்கொண்டவர்கள் குறைவு. ஹெட்செட் வழியாகத்தான் பழக்கம். ஆளுக்கொரு பட்டப்பெயர். அடிபட்டவர்களைத் தேற்றுகிறவன் பெயர் டாக்டர். டயர் கடையில் வேலை. தூரத்திலிருந்து சுடுகிறவன் தூங்குமூஞ்சி. புதிதாகக் கல்யாணமான ஒருவன் மாப்பிள்ளை. மனைவி கூப்பிட்டால் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவான். என் தம்பி வெட்டுக்கிளி. மறைவிலிருந்து முதலில் வெளியே குதிக்கிறவன் அவன்தான். அவன் குதித்தால் எதிரிகள் எல்லோரும் அவனையே சுடுவார்கள். அப்போது அவன் முன்னால் ஒரு கேடயம் எழ வேண்டும். நீல நிறத்தில், கண்ணாடிபோல, ஆள் உயரச் சுவர். அதை எழுப்புகிறவனுக்குச் சுவர் என்று பெயர்.

அவர்களுடைய சுவர் வேலை மாறி எங்கேயோ போய்விட்டான். தம்பி என் அறைக் கதவில் வந்து நின்றான்.

“அக்கா, ஒரே ஒரு நாள் வா. சும்மா நின்னா போதும்.”

“எனக்கு என்னடா தெரியும்?”

“ஒரு சுவருக்கு என்ன தெரியணும்?”

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் நாள், எங்கே சத்தம் கேட்டாலும் கேடயத்தை எழுப்பினேன். ஒரு முறை எழுப்பினால் சில மூச்சு நேரம்தான் நிற்கும். பிறகு மங்கிவிடும். மறுபடி எழுப்ப நெடுநேரம் காத்திருக்க வேண்டும். நான் வெறும் கையோடு நின்றபோதெல்லாம் எங்கள் ஆட்கள் விழுந்தார்கள்.

“அக்கா, அது குடை இல்ல. தூறல் விழுந்ததும் விரிக்காதீங்க” என்றான் மாப்பிள்ளை.

“விடுப்பா. எனக்கு வேலை மிச்சம். எல்லாரும் செத்துட்டா வைத்தியம் எதுக்கு” என்றான் டாக்டர்.

தம்பி சிரிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் என் அறைக்கு வந்து, தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான்.

“துப்பாக்கியப் பாக்காதக்கா. தோளப் பாரு. பெரிய அடி அடிக்கறதுக்கு முன்னாடி அவனுக்குத் தோள் கொஞ்சம் இறங்கும். இறங்கிடுச்சுன்னா அவனால நிறுத்த முடியாது. அப்ப எடு.”

“அதுக்கு முன்னாடி எடுத்தா?”

“பாத்துட்டு சும்மா நிப்பான். ஷீல்டு மங்கினதும் அடிப்பான்.”

“பின்னாடி எடுத்தா?”

“பின்னாடி எடுத்தா நான் இருக்க மாட்டேன்” என்றான். இப்போதுதான் சிரித்தான்.

நடுவில் இருப்பது அரை மூச்சு. எனக்கு அது சீக்கிரம் பிடிபட்டது. என் வேலையே அதுதானே. ஒரு மாதத்துக்குள் மற்ற டீம்களில் என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அந்த அக்கா எடுக்கவே எடுக்காது, எடுத்தா வீண் போகாது என்பார்களாம். தம்பி இதையெல்லாம் சாப்பிடும்போது சொல்வான். எனக்கு அந்த மாதிரி யாரும் எதுவும் சொன்னதில்லை. மருத்துவமனையில் படம் நன்றாக வந்தால், படத்தைத்தான் பார்ப்பார்கள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. குதிப்பதற்கு முன் அவன், “அக்கா?” என்பான். நான், “இருக்கேன்” என்பேன். உடனே குதிப்பான். திரும்பிப் பார்க்க மாட்டான்.

தூங்குமூஞ்சி ஒரு நாள் கேட்டான். “டேய், சுவரு வந்துச்சா இல்லையான்னு பாக்கவே மாட்டியா?”

“எதுக்கு? அதான் இருக்கேன்னு சொல்லிடுச்சே.”

அவன் கூடத்தில் உட்கார்ந்து ஆடுவான். நான் என் அறையில். நடுவில் ஒரு சுவர். நிஜச் சுவர். அவன் குரல் முதலில் அந்தச் சுவர் வழியாகக் கேட்கும். பிறகு ஹெட்செட்டில் கேட்கும். அவன் சிரித்தால் இரண்டு முறை கேட்கும். வேலை விட்டு வந்து, முகம் கழுவி, அதற்காகத்தான் உட்காருவேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம்.

பிறகு கோச் வந்தார். வேறு ஊரில் பெரிய டீம். போட்டிகளுக்கு வெளிநாடெல்லாம் போகிறவர்கள். அவர்களுக்கென்று ஒரு வீடு உண்டு. பையன்கள் அங்கேயே தங்கி, அங்கேயே பழகி, அங்கேயே சாப்பிடுவார்கள். கோச் ஒரு பெண். எங்கள் ஆட்டங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறார். தம்பியை மட்டும் கேட்டார். அதில் தப்பில்லை. குதிக்கிறவர்கள் குறைவு.

முதலில் ஒரு நாள் சாயங்காலம் தங்கள் ஆட்களோடு ஆடிப் பார்க்கச் சொன்னார். அன்று என் காதில் ஹெட்செட் இல்லை. சுவர் வழியாக மட்டும் கேட்டேன். நிறையச் சிரித்தான். ஒவ்வொரு சிரிப்பும் ஒரே ஒரு முறைதான் கேட்டது.

முடிந்ததும் சமையலறைக்கு வந்து, நின்றபடியே தண்ணீர் குடித்தான். முகம் சிவந்திருந்தது.

“அக்கா, அவங்க சுவரு இருக்கான்ல, அவன்கிட்ட கேக்கவே வேணாம். நான் காலத் தூக்கறதுக்குள்ள வந்து நிக்கறான்.”

“நல்லதுடா” என்றேன்.

டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். “உன்ன மாதிரி வராது” என்றான் பிறகு. அந்தப் பிறகை நான் கவனித்தேன்.

பாத்திரங்களைக் கழுவி முடித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் யோசித்தது வேறு. இவன் குளித்தால் தலை துவட்ட மாட்டான். கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருவான். பசிக்கிறது என்பதே இவனுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். இப்படிப்பட்டவனை முகம் தெரியாத பையன்கள் இருக்கிற வீட்டுக்கு எப்படி அனுப்புவது? அங்கே யார் இருக்கிறார்கள் இவனுக்கு? பெற்றவள் இருந்தால் அவளும் இதையே யோசித்திருப்பாள்.

முதல் முறை நான் வேண்டுமென்று செய்யவில்லை. வழக்கமான ஆட்டம். அவன் அக்கா என்றான். நான் இருக்கேன் என்றேன். குதித்தான். எதிரே இருந்தவனின் தோள் இறங்கியது. பார்த்தேன். என் விரல் பட்டனில்தான் இருந்தது. இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு அழுத்தினேன். கேடயம் எழுந்தபோது அவன் விழுந்துகொண்டிருந்தான்.

சுவர்ப் பக்கமும் சத்தமில்லை. காதிலும் சத்தமில்லை. பிறகு கேட்டான்.

“அக்கா, சீக்கிரம் குதிச்சுட்டேனா?”

இல்லடா, நான்தான் லேட்டு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

“கொஞ்சம் சீக்கிரம்டா” என்றேன்.

“சரிக்கா” என்றான்.

அவ்வளவுதான். அவன் ஒரு வார்த்தை மறுத்திருந்தால், இல்லையே, சரியாத்தானே குதிச்சேன் என்றிருந்தால், அத்தோடு முடிந்திருக்கும். அவன் மறுக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் செய்யக் கூடாது. செய்தால் தெரிந்துவிடும். நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது, அவன் குரலில் துள்ளல் ஏறும்போது, ஒரு முறை. போதும். அரை மூச்சுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் எல்லோர் கண்ணிலும் படும். அரை மூச்சு யார் கண்ணிலும் படாது. பின்னால் பதிவை ஓட்டிப் பார்த்தால் கேடயம் நிற்பது தெரியும். அவன் அதற்கு முன்னால் விழுந்து கிடப்பது தெரியும்.

“பாரு, சுவரு நிக்குதுல்ல? நீதான் முந்திப் போய் விழுந்திருக்க” என்பான் டாக்டர்.

“வெட்டுக்கிளிக்கு ரயிலப் பிடிக்கணும் போல” என்பான் மாப்பிள்ளை.

“உன் பொண்டாட்டி கூப்பிட்டா நீ ஓடுவியே, அத விடவா?” என்று தம்பியும் முதலில் பதிலுக்குப் பதில் பேசினான். பிறகு பேசுவதை விட்டுவிட்டான்.

“விடுங்கடா. கத்துப்பான்” என்பேன் நான். அவனுக்காக எப்போதும் நான்தான் பேசினேன். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவன் காத்திருக்கக் கற்றுக்கொண்டான். நான் இருக்கேன் என்று சொன்ன பிறகும் குதிக்க மாட்டான். “அக்கா, இருக்கியா?” என்று மறுபடி கேட்பான். இருக்கேன்டா என்பேன். அதற்குப் பிறகும் கொஞ்சம் நிற்பான். அந்தக் கொஞ்சத்தை அவன் எங்கிருந்து எடுத்தான் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அது வெளியிலும் வந்தது. சாலையைக் கடக்க நிற்போம். இரண்டு பக்கமும் காலியாக இருக்கும். அவன் நிற்பான். கடையில் இவன் முறை வரும். வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருப்பவர் கேட்டு வாங்கிப் போய்விடுவார். போன் அடித்தால் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அது நின்றதும் கையை எடுப்பான். நான் ஒன்று கேட்டால், கேட்டு முடித்துவிட்டேனா என்று என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான்.

“உங்க தம்பி எவ்வளவு நிதானமா ஆயிட்டான்” என்றார் பக்கத்து வீட்டு டீச்சர்.

நானும் அதை நிதானம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் அவனை நான்தான் குளிப்பாட்டுவேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது, மூச்சப் பிடி என்பேன். பிடித்துக்கொள்வான். ஊற்றி முடித்து, விடு என்பேன். விடுவான். ஒரு நாள் விளையாட்டாக, விடு என்று சொல்லாமல் இருந்து பார்த்தேன். தண்ணீர் வடிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு நின்றான். முகம் சிவந்தது. பிறகு உதடு கறுத்தது. விடவில்லை. நான்தான் பயந்து கத்தினேன்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். இவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். இன்னும் இருக்கிறது.

கோச் கடைசியாக ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார். அவர்களுடைய சுவரோடு ஆடச் சொன்னார். தம்பி முடியாது என்றான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“எங்க அக்கா இருந்தாதான் ஆடுவேன்” என்று போனில் சொன்னான். “நான் அவசரப்படறவன். அவங்கதான் என்னச் சமாளிப்பாங்க.”

அந்த ஆட்டத்தில் நான் ஒரு தடவைகூடத் தாமதிக்கவில்லை. பதிவு இருக்கிறது, பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் தோள் இறங்கிய கணத்தில் எடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக ஆடியதில்லை. கேடயம் எழுந்தது, நின்றது, மங்கியது. அவன் குதிக்கவில்லை. அக்கா என்பான். இருக்கேன் என்பேன். நீலமாக எழுந்து நிற்கும். அதற்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். மங்கிய பிறகு வெளியே வருவான்.

மாப்பிள்ளைகூடக் கிண்டல் செய்யவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியாக டாக்டர், “சாப்டுட்டுத் தூங்குடா” என்றான்.

சில நாள் கழித்து கோச் என் போனுக்குக் கூப்பிட்டார். தம்பி எடுப்பதில்லையாம்.

“பழைய ஆட்டமெல்லாம் உக்காந்து பாத்தேங்க. உங்க தம்பி மேல தப்பே இல்ல. அவன் சரியாத்தான் குதிச்சிருக்கான். ஷீல்டுதான் லேட்டா வருது.”

“அப்படியா” என்றேன்.

“எப்பவும் ஒரே அளவு லேட்டு. கை தவறினா ஒரே அளவா தவறாதுங்க.”

நான் என் அறைக் கதவைச் சாத்தினேன்.

“உங்க வீட்டு விஷயத்துல நான் தலையிடல. அவன இங்க அனுப்புங்க. கொஞ்ச நாள் போதும், சரி பண்ணிடலாம். இடம் அப்படியே வச்சிருக்கேன். இத மட்டும் அவன்கிட்ட சொல்லிடுங்க. சொல்லுவீங்களா?”

“சொல்றேன்” என்றேன்.

கூடத்துக்கு வந்தேன். தம்பி நிமிர்ந்து பார்த்தான். யாருக்கா என்றான். ஆஸ்பத்திரியிலருந்து என்றேன்.

சொல்லாமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். சரியான நேரத்தில் சொல்லலாம் என்றிருந்தேன். அப்போதுதான் அவன் கொஞ்சம் தேறிக்கொண்டிருந்தான். ஹெட்செட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்து டாக்டருக்கு அனுப்பிவிட்டான். அந்த நேரத்தில் போய் அதைக் கிளறுவதா?

கிடங்கு வேலையை நான்தான் வாங்கிக்கொடுத்தேன். அங்கே மேற்பார்வை பார்க்கிறவர் தோள்பட்டை வலியோடு என்னிடம் படமெடுக்க வந்தார். பேச்சுவாக்கில் கேட்டேன். நம்ம தம்பின்னா அனுப்புங்க என்றார். நடந்து போகிற தூரம். பெட்டிகளை அடுக்கும் வேலை. சாயங்காலம் நேரத்துக்கு வந்துவிடுவான். சேர்ந்து சாப்பிடுவோம். சட்டையில் அட்டைப்பெட்டி வாசம் இருக்கும். கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். சுவர் வழியாக எதுவும் கேட்காது. ஆனால் அங்கே இருக்கிறான் என்று தெரியும். நாங்கள் நன்றாக இருந்த காலம் அதுதான். நான் அப்படித்தான் நினைத்தேன்.

கிடங்கில் ஒரு சரிவு இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுமையோடு அதில் இறங்கும் வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். ஹாரன் கேட்டால் தூணுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும். யாரும் யோசிப்பதில்லை. கால் தானாகப் போகும். ஓட்டுகிறவரும் அதை நம்பித்தான் இறங்குகிறார்.

அன்று எங்கள் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வெளியே பெரியவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

“ஹாரன் அடிச்சேம்மா. எம் புள்ளைங்க மேல சத்தியமா அடிச்சேன். நிமிந்து பாத்தான். ஒதுங்குவான், ஒதுங்குவான்னு வர்றேன். நிக்கறான். என் மூஞ்சியக்கூடப் பாக்கலம்மா. என் தோளையே பாத்துட்டு நிக்கறான். என்ன பாக்கறான்னு எனக்குப் புரியல.”

எனக்குப் புரிந்தது.

கடைசியில் நகர்ந்திருக்கிறான். அதற்குள் வண்டி வந்துவிட்டது. தூணுக்கும் சுமைக்கும் நடுவில். இடுப்பும் வலது கையும்.

படத்தை நானே எடுத்தேன். என்னோடு வேலை செய்கிறவள், “நீ வெளிய இரு, நான் பாத்துக்கறேன்” என்றாள். வேண்டாம் என்றேன். கையை நேராக வைக்க வேண்டும். வலிக்காமல் எப்படி வைப்பது என்று எனக்குத்தான் தெரியும். நல்ல படம். எலும்பு எலும்பாக எண்ணலாம். கடைசியில் நெஞ்சுக்கு ஒரு படம். கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றேன்.

“மூச்ச இழுடா. பிடி.”

பிடித்துக்கொண்டான். படம் வந்துவிட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். குளிப்பாட்டும்போது இருந்த அதே முகம். பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஏய், விடுன்னு சொல்ல மறந்துட்ட” என்றாள் அவள்.

மறக்கவில்லை.

மறுநாள் அவனுக்குப் பேச்சு வந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். விரல்களுக்கு இனி அசைவு வராது என்று டாக்டர்கள் என்னிடம் சொல்லியிருந்தார்கள். அவனிடம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தான் போல.

“அக்கா, சீக்கிரம் நகந்துட்டேனா?”

வார்டில் ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டிலில் யாரோ ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ சீக்கிரம் நகரவில்லை, எப்போதுமே சீக்கிரம் நகர்ந்ததில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்து என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியை இப்போது தாங்குகிற உடம்பு இல்லை அவனுக்கு.

“கொஞ்சம் சீக்கிரம்டா” என்றேன்.

தலையை ஆட்டினான்.

“அடுத்த தடவ பாத்துக்கறேன்க்கா” என்றான்.

அதன் பிறகுதான் நீங்கள் அவனிடம் கேட்க வந்தீர்கள். அவன் சொன்னது என் வார்த்தை. பெரியவர் சொன்னது நடந்தது. அவரை விட்டுவிடுங்கள். அவர் ஹாரன் அடித்தார். அந்த ஹாரனுக்குத் தம்பியின் கால் போகாமல் நிறுத்தியது நான். வண்டியை நான் ஓட்டவில்லை. ஆனாலும் அவனை அந்த இடத்தில் நிற்க வைத்தது நான்தான். வேண்டுமென்று, தெரிந்து, ஒரு வருடத்துக்கு மேல், அரை அரை மூச்சாகச் செய்தேன். இதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பெயர் போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவனிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். நான் சொல்கிறேன். கோச் கூப்பிட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். இப்போது சொன்னால் ஒடிந்துபோவான். ரொம்பத் தள்ளிப்போட்டாலும் சரியில்லை. நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. அது வரும்போது எனக்குத் தெரியும். இந்த விஷயத்தில் என்னை நம்பலாம்.

நான் கிளம்ப வேண்டும். அவன் சாப்பிடுகிற நேரம். இடது கையால் சாப்பிட இப்போதே பழக வேண்டும், தள்ளிப்போட்டால் கை சோம்பிவிடும் என்று நர்ஸ் தினமும் சொல்கிறாள். நல்ல பெண். அவளுக்கு அவனைப் பற்றித் தெரியாது. நேற்று அவள் சொன்னாள் என்று இடது கையால் ஸ்பூனை எடுத்தான். பாதி தூரம் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

“அக்கா?”

“இருக்கேன்டா” என்றேன். “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.”

ஸ்பூனைக் கீழே வைத்தான். நான் ஊட்டினேன்.